டைனோசர்களைக் கொன்றது கல்லா, இருட்டா?

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போய்விட்டுப் புதுச்சேரி திரும்பும் வழியில் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "விண்கல் விழுந்து டைனோசர் செத்துச்சு இல்ல, அப்போ சாஞ்ச மரங்கதான் இது."

இதில் இரண்டு பிழைகள். முதலாவது எளிதில் திருத்தக்கூடியது. திருவக்கரை மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. டைனோசர்கள் போனது 6.6 கோடி ஆண்டுக்கு முன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது பிழை கொஞ்சம் நுட்பமானது, படித்தவர்களும் செய்வது. விண்கல் விழுந்தது உண்மை. ஆனால் கல் அடித்துச் செத்தவை சொற்பம். செத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கல்லைப் பார்த்தே இருக்காது. கல் விழுந்ததற்கும் உயிர்கள் போனதற்கும் நடுவே ஒரு சங்கிலி இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் "கல்லா, எரிமலையா?" என்ற விவாதம் பட்டிமன்றம்போல ஆகிவிடுகிறது.

பீச் ரோட்டில் 6.6 கோடி ஆண்டு

கோடிக்கணக்கில் ஆண்டு சொன்னால் மனதில் எதுவும் பதியாது. ஒரு கணக்குப் போடுவோம். புதுச்சேரி பீச் ரோடு ஏறக்குறைய 1.5 கி.மீ. நீளம். அதன் ஒரு முனை இன்று, மறுமுனை டைனோசர்கள் அழிந்த நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்கு 44,000 ஆண்டு.

அரிக்கமேட்டில் ரோமானியர்களோடு வியாபாரம் நடந்தது சுமார் 2,000 ஆண்டுக்கு முன். இந்தச் சாலையில் அது நாலரை சென்டிமீட்டர், அதாவது இரண்டு மூன்று விரற்கடை. திருவக்கரை மரங்கள் 450 மீட்டர் நடந்தால் வரும். மறுமுனையில் நடந்த தக்காண எரிமலை வெடிப்புகள், அதாவது கல்லுக்குப் போட்டியாகச் சொல்லப்படும் காரணம், மொத்தம் 7, 8 லட்சம் ஆண்டு நீடித்தன. இங்கே அது 17 மீட்டர் போலத் தேறும். விண்கல்லுக்குப் பின் வந்த இருட்டும் குளிரும் பத்து ஆண்டு என்றே வைத்தாலும் கால் மில்லிமீட்டர்கூட ஆகாது.

17 மீட்டர், கால் மில்லிமீட்டர். இந்த இரண்டு அளவும் நினைவில் இருக்கட்டும். விவாதம் முழுவதும் இவற்றுக்கு இடையில்தான்.

எதற்குப் பேரழிவு என்று பெயர்

உயிரினங்கள் அழிவது இயல்பு. எப்போதும் ஏதோ ஒன்று மறைந்துகொண்டே இருக்கும், புதிதாக ஒன்று தோன்றும். கடையில் தினமும் சரக்கு போவதும் வருவதும்போல. ஒரே நேரத்தில், உலகம் முழுக்க, நிலத்திலும் கடலிலும், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத உயிரினங்கள் கூட்டமாக மறைந்தால்தான் அது உயிரினப் பேரழிவு. அப்படி ஐந்து பெரிய அழிவுகளைப் பாறைகள் காட்டுகின்றன. 6.6 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது கடைசி. அப்போது இருந்த உயிரினங்களில் முக்கால்வாசி போய்விட்டன. டைனோசர் அதில் பிரபலமான ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஆகவே காரணம் என்று எதைச் சொன்னாலும் அது மூன்று கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். சரியான நேரத்தில் நடந்ததா? உலகம் முழுக்க எட்டியதா? ஏன் சிலவற்றைக் கொன்று சிலவற்றை விட்டது? மூன்றாவது கேள்வியில்தான் பல கோட்பாடுகள் தடுக்கி விழுந்தன. பாலூட்டிகள் டைனோசர் முட்டையைத் தின்று தீர்த்துவிட்டன என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். சரி, கடலில் இருந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரை யார் தின்றது?

புயலும் முந்திரியும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று அடித்தது சில மணி நேரம். ஆனால் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததால் வந்த கஷ்டம் சில மணி நேரத்தில் முடியவில்லை. முந்திரி ஒட்டுக்கன்று நட்டால் காய்ப்பு பார்க்கவே மூன்று வருடம், நல்ல மகசூலுக்கு அதற்கும் மேல் பல வருடம். ஒரு குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனால், போகவைத்தது காற்றா, வருமானம் நின்றதா?

இரண்டும்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காற்று தூண்டுதல்: சங்கிலியைத் தொடங்கிவைக்கும் நிகழ்ச்சி. வருமானம் நின்றது கொல்லும் வழி: பாதிப்பு கடைசியில் ஆளைச் சென்றடையும் பாதை. டைனோசர் விஷயத்தில் விண்கல்லும் எரிமலையும் தூண்டுதல்கள். இருட்டு, குளிர், பட்டினி, கடல் நீர் புளித்தது ஆகியவை கொல்லும் வழிகள்.

ஒரு சென்டிமீட்டர் களிமண்

இத்தாலியில் குப்பியோ என்ற ஊர். அங்கே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் போல ஒரு களிமண் கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே கடலின் நுண்ணுயிர் ஓடுகள் பெரிதாக, பல வகையாக இருக்கின்றன. மேலே பொடியாக ஒன்றிரண்டு வகைதான். இந்தக் கோடு படிய எத்தனை ஆண்டு ஆனது என்று நிலவியலாளர் வால்டர் அல்வாரெஸ் தெரிந்துகொள்ள விரும்பினார்.

அவருடைய அப்பா லூயிஸ் அல்வாரெஸ், 1968-இல் இயற்பியல் நோபல் பெற்றவர், ஒரு யோசனை சொன்னார். பூட்டிக் கிடந்த வீட்டில் டி.வி. மேல் படிந்த தூசியை வைத்து எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்று நாம் ஊகிப்போமே, அதே யோசனைதான். விண்வெளியிலிருந்து நுண்தூசி எப்போதும் மெல்ல விழுந்துகொண்டே இருக்கிறது. அதில் இரிடியம் என்ற உலோகம் உண்டு. பூமியின் மேலோட்டில் இரிடியம் மிக அரிது, ஏனென்றால் பூமி உருகிக் கிடந்த காலத்திலேயே அது இரும்போடு சேர்ந்து அடியில் போய்விட்டது. அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதுபோல. களிமண்ணில் எவ்வளவு இரிடியம் இருக்கிறதோ அதை வைத்து ஆண்டைக் கணக்கிடலாம் என்பது திட்டம்.

கணக்கு உதைத்தது. வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்து பார்த்தபோது களிமண்ணில் இரிடியம் வழக்கத்தைவிட 30 மடங்கு இருந்தது. டென்மார்க்கில் இதே கோட்டில் 160 மடங்கு. அவ்வளவும் மெல்ல விழும் தூசியில் வர வழியில்லை. மொத்தமாக வந்திருக்க வேண்டும். 1980-இல் நால்வரும் வெளியிட்ட முடிவு: சுமார் 10 கி.மீ. அகலமுள்ள விண்கல்.

எரிமலையிலிருந்தும் கொஞ்சம் இரிடியம் வரும் என்று உடனே மறுப்பு வந்தது, நியாயமான மறுப்புதான். ஆனால் அதே கோட்டில் இன்னும் இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்த குவார்ட்சு மணல். எரிமலையின் அழுத்தம் அதற்குப் போதாது, மோதலோ அணுகுண்டுச் சோதனையோ வேண்டும். மற்றது பொடிப் பொடியான கண்ணாடி மணிகள். அரிக்கமேட்டு மணிகளைக் கைவினைஞர்கள் செய்தார்கள். இவை பாறை உருகித் தெறித்து வானத்திலேயே இறுகியவை.

அவ்வளவு பெரிய கல் விழுந்த பள்ளம் எங்கே என்பதற்குப் பதில் ஏற்கெனவே ஒரு கோப்பில் இருந்தது. மெக்சிகோவின் யுகடான் கரையில் எண்ணெய் தேடியவர்கள் பூமிக்கடியில் ஒரு பெரிய வட்டத்தை 1978-இலேயே பார்த்துவிட்டார்கள். 1981-இல் அதைச் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. 1991-இல்தான் அந்த வட்டமும் களிமண் கோடும் பொருத்திப் பார்க்கப்பட்டன. சிக்சுலூப் என்று பெயர்பெற்ற அந்தப் பள்ளத்தின் குறுக்களவு சுமார் 180 கி.மீ.; நேர்க்கோட்டில் சென்னையிலிருந்து பரங்கிப்பேட்டை வரை. கல் வந்த வேகம் நொடிக்கு 20 கி.மீ. அளவில். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் உள்ள தூரம் ஒரே நொடியில்.

இதுவரை வந்தது: 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் மோதியதற்குச் சான்று உலகம் முழுக்க ஒரே கோட்டில் இருக்கிறது. ஆனால் மோதியது என்பது மட்டும் கொன்றது ஆகாது.

கல் விழுந்த இடத்தில் சாக்பீஸ் மலை

கல் எங்கே விழுந்தது என்பது, எவ்வளவு பெரிய கல் என்பதற்குச் சமமான முக்கியம். யுகடானில் பாறை முழுக்கச் சுண்ணாம்பும் ஜிப்சமும். ஜிப்சம் வேறொன்றுமில்லை, பள்ளிக்கூடச் சாக்பீஸும் சீலிங்குக்குப் பூசும் பி.ஓ.பி.யும் அதிலிருந்துதான். அதற்குள் கந்தகம் இருக்கிறது. 2016-இல் அந்தப் பள்ளத்தில் துளையிட்டு எடுத்த பாறையில், சுற்றுவட்டாரத்தில் ஏராளமாக இருக்கும் ஜிப்சம் வகைப் பாறை ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. அது ஆவியாகி மேலே போய்விட்டது.

கந்தகம் வளிமண்டலத்தின் மேலடுக்குக்குப் போனால் நீராவியோடு சேர்ந்து மிக நுண்ணிய அமிலத் துளிகளாகிறது. அந்தப் படலம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியதில் உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி இறங்கியது. சிக்சுலூப் அனுப்பிய கந்தகம் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. போதாததற்குப் பொடியான பாறைத் தூசி, எரிந்த காடுகளின் கரி. கணினி மாதிரிகளில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இறங்குகிறது. ஒளிச்சேர்க்கை, அதாவது வெயிலைக்கொண்டு செடி உணவு செய்வது, மாதக்கணக்கில், சில கணிப்புகளில் இரண்டு ஆண்டு வரை நின்றுபோகிறது.

கார்த்திகை அடைமழையில் நாலு நாள் வெயில் இல்லாவிட்டாலே கருவாடு காய்வதில்லை, மரக்காணம் உப்பளத்தில் வேலை இல்லை. அதையே இரண்டு ஆண்டுக்கு நீட்டிப் பாருங்கள். கடலில் முதலில் போவது மிதவை உயிரிகள்: நீரின் மேல்மட்டத்தில் வெயிலில் வாழும் நுண்ணிய செடிகளும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களும். அவை போனால் நெத்திலி, மத்தி வகைக்குத் தீனி இல்லை. நெத்திலி இல்லாவிட்டால் வஞ்சிரம் போன்ற பெரிய மீனுக்கு இல்லை. நிலத்திலும் அதே வரிசை: இலை, இலை தின்னி, இலை தின்னியைத் தின்னி. பெரிய உடம்புக்குப் பெரிய சாப்பாடு. நிலத்தில் வாழ்ந்த நாற்கால் பிராணிகளில் 25 கிலோவுக்கு மேற்பட்டவை ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை, சில முதலைகள் தவிர.

முட்டையும் வினிகரும்

கடலுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சை முட்டையை வைத்து, மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஓட்டின் மேல் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அது கார்பன் டை ஆக்சைடு. முட்டை மிதந்து மேல்பக்கம் காய்ந்தால் அங்கே மட்டும் ஓடு கரையாது; மேலே ஒரு கரண்டியை வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குமிழி குறைந்திருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், வினிகரை மாற்றுங்கள். ஒன்றரை நாளில் ஓடு போய், விரலால் அழுத்தினால் அமுங்கும் தோல் மட்டும் இருக்கும்.

முட்டை ஓடு, கிளிஞ்சல், கடலின் நுண்ணுயிர் ஓடு எல்லாமே ஒரே சரக்கு, கால்சியம் கார்பனேட். மோதலுக்குப் பின் பெய்த அமில மழையும் காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடும் கடலைப் புளிக்கவைத்தன. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. கடல் வினிகர் ஆகிவிடவில்லை. அமில அளவைக் காட்டும் பி.எச். எண் 0.25 போலத்தான் இறங்கியது. ஓடு கரைந்து ஓடவில்லை. ஓடு கட்டுவது கஷ்டமாகிவிட்டது. ஏற்கெனவே பட்டினியில் இருக்கும் உயிருக்கு அந்தக் கூடுதல் செலவு தாங்காது. ஃபோராமினிஃபெரா என்ற, சுண்ணாம்பு ஓடு கட்டும் ஒற்றைச் செல் உயிர்களில் மிதந்து வாழ்ந்த இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன.

இதுவரை: கல் தூண்டியது, இருட்டும் குளிரும் உணவுச் சங்கிலியை அடிமட்டத்தில் அறுத்தன, கடலில் அமிலம் கூடச் சேர்ந்தது.

இன்னொரு சந்தேக நபர்: தக்காணம்

அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்த கருங்கல் எல்லாம் இறுகிய எரிமலைக் குழம்பு. மும்பையிலிருந்து புனே போகும் வழியில் மலைகள் படிப்படியாக இருப்பதும் குழம்பு அடுக்கடுக்காக ஓடியதால்தான். இன்று மிச்சமிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ., தமிழ்நாட்டைப் போல நாலு மடங்கு. அப்போது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இன்று இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு இருக்கும் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தீவை உண்டாக்கிய அதே வெப்ப ஊற்றுதான் தக்காணத்திலும் கொட்டியது. தீவில் எரிமலை இன்றும் உயிரோடு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிக்குக் கப்பலேறியவர்களின் வம்சம் அந்த எரிமலையடியில்தான் வாழ்கிறது.

எரிமலையைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. 25.2 கோடி ஆண்டுக்கு முன் நடந்த, இதைவிடப் பெரிய அழிவுக்குச் சைபீரியாவில் கொட்டிய குழம்பே பொறுப்பு என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். அங்கே விண்கல் தேவைப்படவில்லை. அப்படியானால் தக்காணத்துக்கு ஏன் அதே தண்டனை இல்லை?

பதில் வேகத்தில் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் செலவு கூடினால் குடும்பம் எப்படியோ சமாளிக்கும். பத்து வருடத்தில் அது ஒரு லட்சத்து இருபதாயிரம். அதே ஒரு லட்சத்து இருபதாயிரம் ஒரே நாளில் ஆஸ்பத்திரி பில்லாக வந்தால் நகை அடகுக்குப் போகும். தக்காணம் தந்தது தவணைச் செலவு. ஒரு வெடிப்பின் கந்தகம் சில ஆண்டில் மழையோடு இறங்கிவிடும், அடுத்த வெடிப்புக்கு முன் வானம் தெளிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு நின்று பூமியைச் சூடாக்கும். ஆனால் அந்தச் சூடு மோதலுக்கு முன்பே ஏறி, முன்பே தணிந்துவிட்டது என்று கடலடிச் சேறு காட்டுகிறது. குழம்பு ஓடிய 17 மீட்டர் நீளத்திலும் அழிவு பரவிக் கிடக்கவில்லை. கால் மில்லிமீட்டரில் குவிந்து கிடக்கிறது.

எங்கள் தீர்ப்பைக் கேட்டால்: கொன்றது கல். தக்காணம் அதற்கு முன் பூமியை எவ்வளவு தளர்த்தியது, பின்னால் மீள்வதை எவ்வளவு இழுத்தடித்தது என்பதில்தான் உண்மையான சர்ச்சை. "ரெண்டும் சேர்ந்து" என்று மழுப்புவது சமரசம்போலத் தெரியும், எது எந்த வழியில் என்று சொல்லாதவரை அது பதிலே இல்லை.

சாளக்கிராமமும் வழுதாவூரும்

சாளக்கிராமக் கல்லில் சக்கரம்போலச் சுருண்டிருப்பது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பவை டைனோசர் அழிவைவிட வெகு காலம் முந்தியவை. அழிவுக்குச் சற்று முன்பு வாழ்ந்த அம்மோனைட்டுகள் நம் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூரைச் சுற்றி அன்றைய கடலடிப் படிவுகள் இருக்கின்றன. நிலம் தட்டையானது என்பதால் பாறை ஓடையிலும் கிணற்று வெட்டிலும்தான் தலைகாட்டும். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த புதுச்சேரிப் படிமங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்தார். கரசூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை அதற்கு அடுத்த காலத்தது. அதில் அம்மோனைட் வராது. எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும் சிவந்த கடலூர் மணற்பாறை மிகப் பின்னால் படிந்தது. திருவக்கரை மரங்கள் புதைந்தது அதில்தான்.

அம்மோனைட்டின் தூரத்துச் சொந்தம் நாட்டிலஸ். அதுவும் சுருள் ஓடுதான், அதே கடல்தான். அது பிழைத்துவிட்டது, இன்றும் இருக்கிறது. ஏன்? அம்மோனைட் பொடி முட்டைகளை நிறைய இட்டது. குஞ்சுகள் மிதவை உயிரிகளோடு மேல்மட்டத்தில் மிதந்தன, சரியாக அடி விழுந்த இடத்தில். நாட்டிலஸ் பெரிய முட்டை, கொஞ்சமாக; அதன் வாழ்க்கை ஆழத்தில். இந்த ஒரு ஜோடியை விளக்க முடியாத கோட்பாட்டைத் தள்ளிவிடலாம்.

பிழைத்தவை எல்லாம் இந்தக் கணக்கில் பொருந்தும். முதலை ஒரு தடவை நன்றாகத் தின்றால் மாதக்கணக்கில் தாங்கும். ஆற்றிலும் குளத்திலும் உணவு இலை மக்கியதிலிருந்து தொடங்குகிறது, வெயில் நின்றாலும் மக்கு தீராது. அதனால் ஆமைகள் தப்பின. சிறிய பாலூட்டிகள் வளையில் ஒதுங்கிப் பூச்சியும் விதையும் தின்றன. டைனோசரிலேயே ஒரு கிளை, அலகுள்ள சிறிய பறவைகள், மண்ணில் கிடந்த விதையைக் கொத்திப் பிழைத்திருக்கலாம். ஆகவே டைனோசர் முழுதாக அழிந்தது என்பதும் பிழை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கிடப்பது அந்தக் கிளையின் வாரிசுதான்.

எந்த மாதம்?

இப்போது கேள்வி பருவம் வரை வந்துவிட்டது. அமெரிக்காவின் வட டகோட்டாவில், மோதல் நடந்த சில மணி நேரத்துக்குள் சேற்றில் புதைந்ததாகக் கருதப்படும் மீன்கள் கிடைத்தன. செவுள்களில் வானத்திலிருந்து விழுந்த கண்ணாடி மணிகள் சிக்கியிருந்தன. மரத்தைப் போல மீன் எலும்பிலும் வளர்ச்சி வளையம் உண்டு: வெயில் காலத்தில் தடிக்கும், குளிரில் மெலியும். இந்த மீன்களின் கடைசி வளையம் தடிக்கத் தொடங்கிய நிலையில் நின்றிருந்தது. 2022-இல் வந்த முடிவு, அங்கே அப்போது வசந்தம்: குஞ்சு பொரிக்கும், தளிர் விடும் நேரம். வடக்கில் வசந்தம் என்றால் தெற்கில் குளிருக்கு ஒதுங்கத் தொடங்கும் பருவம். அன்றைக்குத் தெற்கே கிடந்த நம் நிலத்திலும் அதே பருவம்தான்.